ஆறாத வாய்ப்புண்: “சூடு” என்று விட்டுவிட்டால் நடப்பது என்ன?

வாயில் புண் என்று சொன்னால் போதும், திருவையாற்றிலிருந்து வேதாரண்யம் வரை எந்த வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: “உடம்பு சூடு.” உடனே மணத்தக்காளிக் கீரை சமைப்பார்கள், தேங்காய்ப்பால் பிழிவார்கள், தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல்வார்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் மெடிக்கலில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவ ஒரு ஜெல்லும். இதில் எதையும் நான் குறை சொல்லப்போவதில்லை. சாதாரண வாய்ப்புண் ஒன்று, இரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். கீரைக்குக் கிடைக்கிற நல்ல பெயரில் பாதி, தானாக ஆறுகிற அந்தக் குணத்துக்குச் சேர வேண்டியது, அவ்வளவுதான்.

சிக்கல் ஆறாத புண்ணில் இருக்கிறது. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் வெளியிலிருந்து வரும் கிருமியை விட்டுவிட்டு, வாயின் உள்தோலையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய்கள் சில உண்டு. தன்னுடல் தாக்கு நோய்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். லைக்கன் பிளேனஸ், பெம்பிகஸ், பெம்பிகாய்டு என்று பெயர்கள் வாயில் நுழையாதவையாக இருந்தாலும் நோய் என்னவோ வாயில்தான் நுழைகிறது. பல் மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த நோய்களில் ஆட்களை அதிகம் கெடுப்பது நோயைவிட முதல் புண்ணுக்கும் சரியான பரிசோதனைக்கும் நடுவில் போகிற மாதங்கள். அந்த மாதங்களில் நாம் வீட்டில் செய்கிற காரியங்கள் பலவும் நோயை மறைக்கின்றன, அல்லது ஊட்டி வளர்க்கின்றன.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்வோம். இவற்றில் அடிக்கடி பார்ப்பது லைக்கன் பிளேனஸ். ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருக்கலாம். நடுவயதில், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கன்னத்தின் உள்பக்கம், பெரும்பாலும் இரண்டு கன்னத்திலும், பின்னலாக மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும். கோடு மட்டும் இருந்தால் பலருக்கு வலியே இருக்காது. பல்லுக்குப் போனபோது மருத்துவர் சொல்லித்தான் தெரியும். அதே நோய் சிலருக்குச் சிவந்து, தோல் உரிந்து, ரணமாகிவிடும். அப்புறம் வத்தக்குழம்பு வாசனை அடித்தாலே வாய் எரிகிற மாதிரி இருக்கும்.

அரிதானது, ஆனால் ஆபத்தானது பெம்பிகஸ் வல்காரிஸ். தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது டெஸ்மோக்ளின் என்கிற புரதம். பெம்பிகஸில் உடல் அந்தப் புரதத்துக்கு எதிராகவே எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) தயாரித்துவிடுகிறது. நாற்றுமுடியைக் கட்டிய நாரை அறுத்தால் நாற்று எப்படிச் சிதறுமோ அப்படிச் செல்கள் பிரிந்து, நடுவில் நீர் கோத்துக்கொண்டு கொப்புளமாக எழும்புகிறது. வாயில் அந்தக் கொப்புளத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒரு கவளம் சோறு மெல்வதற்குள் உடைந்துவிடும். மிஞ்சுவது ஓரம் கிழிந்த ரணம் மட்டும். இந்த நோய் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாயில்தான் ஆரம்பிக்கிறது. உடம்பில் கொப்புளம் வருவதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்கள் முழுக்க அது “வாய்ப்புண்” என்ற பெயரிலேயே வீட்டில் இருக்கும். 1950-களில், எதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன் பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பெம்பிகாய்டு என்பது வேறு. வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஈறு பட்டுப்போலச் சிவந்து, தொட்டால் உரிந்து வரும். இது கண்ணுக்கும் போகும், அங்கே தழும்பாகி இமையும் விழியும் ஒட்டிக்கொள்ளும். லூபஸ், ஷோகிரன் என்று இன்னும் இரண்டு தன்னுடல் தாக்கு நோய்கள் உண்டு. லூபஸில் மேல் அண்ணத்தில் புண் வரும், பல நேரம் வலிக்காது. ஷோகிரன் நோயில் புண் என்பதைவிட எச்சில் சுரப்பது குறைந்து வாய் காய்ந்துபோகும்.

இரண்டு வாரக் கணக்கு

முதல் தவறு, நாள் எண்ணாமல் விடுவது. “ரொம்ப நாளா இருக்கு டாக்டர்” என்பார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டால் பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா என்று வீட்டில் விவாதம் நடக்கும். ஒரு புண் அதே இடத்தில் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அது சூட்டுப்புண் கணக்கில் சேராது. இதற்கு விதிவிலக்குத் தேட வேண்டாம்.

“எனக்கு வந்து வந்து போகும்” என்று சொல்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண வாய்ப்புண் ஒரு தடவை உதட்டில் வரும், அடுத்த தடவை நாக்கின் ஓரத்தில் வரும், நடுவில் வாய் முழுசாக ஆறியிருக்கும். ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று கிளம்பி, முழுசாக ஆறிய நாளே இல்லை என்றால் அது வந்து போகிற புண் அல்ல, போகவே இல்லை என்று அர்த்தம். பல் தேய்க்கும்போது ஈற்றுத் தோல் பிரஷ்ஷோடு உரிந்து வருவதும், சூடான காபியைக் குடித்த மறுநாள் வாய்க்குள் தோல் தொங்குவதும், விழுங்கும்போது தொண்டை எரிவதும், குரல் கம்முவதும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாத அறிகுறிகள்.

இந்த இடத்தில் பி காம்ப்ளெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பி12, ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து குறைந்தால் வாய்ப்புண் வரும் என்பது உண்மை. ஆனால் குறைந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்காமல் மூன்று மாதம் மாத்திரை விழுங்குவது மருத்துவம் ஆகாது. அதிலும் மெடிக்கலில் “இதுல சீக்கிரம் கேக்கும்” என்று சேர்த்துக் கொடுக்கிற சின்ன மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டு. ஐந்து நாளில் புண் ஆறும், நிறுத்தியதும் திரும்ப வரும், திரும்ப வாங்குவார்கள். ஆறியதே, அப்படியானால் பெரிய நோயாக இருக்காது என்று தைரியமும் வந்துவிடும். உண்மையில் ஸ்டீராய்டுக்கு அடங்குகிறது என்பதே சந்தேகப்பட வேண்டிய சேதி. அந்த அரைகுறை மருந்தோடு பரிசோதனைக்குப் போனால் நோயின் அடையாளம் மங்கிப்போயிருக்கும், முடிவும் தெளிவாக வராது.

அடுத்தது சுரண்டுவது. வெள்ளையாகத் தெரிந்தால் அழுக்கு என்று நினைத்து நாக்கு வழிப்பானாலும் விரலாலும் வழிக்கிறார்கள். பூஞ்சையால் வரும் மாவுபோன்ற வெள்ளை துடைத்தால் வந்துவிடும், அடியில் சிவப்பாக இருக்கும். லைக்கன் பிளேனஸ் கோடு எவ்வளவு வழித்தாலும் வராது, தோல்தான் போகும். இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு: எங்கே உரசல், கீறல் படுகிறதோ அங்கே புதிதாகக் கிளம்பும். உடைந்த பல்லின் கூர்முனை, சரியாகப் பொருந்தாத பல்செட் இரண்டையும் சரிசெய்தாலே சிலருக்குப் பாதி எரிச்சல் குறைவது அதனால்தான்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிற லேகியம், கஷாயம், பொடி என்று கொரோனா காலத்தில் தொடங்கிய பழக்கம் இன்னும் போகவில்லை. தன்னுடல் தாக்கு நோயில் எதிர்ப்பு சக்தி குறைவாக இல்லை, திசை மாறி வேலை செய்கிறது. அதை இன்னும் உசுப்பிவிட வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் கொடியைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை 2021 முதல் நம் நாட்டு மருத்துவர்களே இதழ்களில் எழுதிவருகிறார்கள். இயற்கை மருந்துதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் மறைக்க வேண்டாம். சித்த மருந்தோ, பக்கத்து வீட்டுப் பொடியோ, சாப்பிடுவதைச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

வெற்றிலை மேல் போடும் பழி

ராஜகிரி, பண்டாரவாடை, சுவாமிமலைப் பக்கம் கொடிக்கால் நிறைய. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் தாம்பூலம் இல்லாமல் முடியாது. ஆகவே வாயில் எது தெரிந்தாலும் “சுண்ணாம்பு பொத்துப்போச்சு” என்று ஒரு காரணம் நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கும். சுண்ணாம்பு பொத்தினால் ஒரு வாரத்தில் ஆறும். ஆறவில்லை என்றால் சுண்ணாம்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

வெற்றிலையைவிடப் பாக்கைப் பற்றித்தான் பேச வேண்டும். பாக்கை விடாமல் மெல்லுகிறவர்களுக்கு வாயின் உள்தோலுக்கு அடியில் நார் படிந்து, கன்னம் விறைத்து, வாய் திறப்பது வர வரக் குறையும். காரம் பட்டால் எரியும். இது தன்னுடல் தாக்கு நோய் அல்ல, பாக்கு செய்கிற வேலை. ஆனால் எரிச்சலும் வெளிறிய தோலும் இரண்டுக்கும் பொது என்பதால் குழப்பம் வருகிறது. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பாக்குப் பாதிப்பைச் சந்தேகிக்கலாம். பாக்குத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி இருபது வருடத்துக்கு மேலாகிறது. புகையிலை சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

லைக்கன் பிளேனஸ் இருக்கிறவர்கள் பாக்கும் புகையிலையும் போடுவது இரட்டை ஆபத்து. இந்த நோயில் நூற்றில் ஒருவர் அளவுக்கு, பல ஆண்டுகள் போன பின், அந்த இடத்தில் புற்றுநோய் வரக்கூடும் என்று கணக்கிடுகிறார்கள். நூற்றில் ஒன்று என்பது பயந்து சாப்பாட்டை விடுவதற்கான எண் அல்ல, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைத் திறந்து காட்டுவதற்கான எண். இதில் இரண்டு கோஷ்டி உண்டு. “கேன்சர்னு சொல்லிட்டாங்க” என்று அழுதுகொண்டே வருகிற கோஷ்டி, “கேன்சர் இல்லேன்னு சொல்லிட்டாங்க” என்று ஐந்து வருடம் எட்டிப் பார்க்காத கோஷ்டி. எனக்கு இரண்டாவது கோஷ்டி மேல்தான் கவலை அதிகம். ரணத்தின் நடுவே கெட்டியாகத் தடித்துப்போனால், ஒரு பக்கம் மட்டும் வேகமாக மாறினால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் ஆறு மாதம் என்ற கணக்கைப் பார்க்காமல் போய்விட வேண்டும்.

மருத்துவரிடம் பாக்குப் போடுவதை மறைப்பது நம் பக்கத்துப் பெண்களிடம் அதிகம். மருமகள் பக்கத்தில் நின்றால் மாமியார் “அந்தப் பழக்கமே இல்லை” என்பார், பல்லின் கறை வேறு சொல்லும். யாரும் திட்டப்போவதில்லை. எது எதனால் வந்தது என்று பிரிப்பதற்குத்தான் கேட்கிறார்கள்.

அதேபோல, தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளையும் சொல்ல வேண்டும். சில ரத்த அழுத்த மாத்திரைகள், சர்க்கரை மாத்திரைகள், மூட்டுவலிக்குச் சாப்பிடும் வலி மாத்திரைகள் லைக்கன் பிளேனஸ் மாதிரியே வாயில் கோடும் ரணமும் உண்டாக்கும். பழைய வெள்ளி நிறப் பல் அடைப்பும் தன் பக்கத்துக் கன்னத்தில் இதைச் செய்யும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக இப்போது சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல விஷயம். பலருக்குத் தாம் சாப்பிடுவதன் பெயர் தெரியாது என்பதுதான் குறை. “வெள்ளையா ஒண்ணு, சிவப்பா ஒண்ணு” என்றால் மருத்துவருக்கு என்ன புரியும்? அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாற்றித் தருவது எழுதிக் கொடுத்தவரின் வேலை.

பயாப்சி என்றால் ஏன் ஓட்டம்?

“கத்தி வச்சா பரவிடும்.” இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரை மருத்துவமனை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கும்! வாயில் பயாப்சி என்பது மரத்துப்போக ஊசி போட்டு, பயறு அளவு தோலை எடுத்து, வேண்டுமானால் ஒன்றிரண்டு தையல் போடுவது. பல் பிடுங்குவதைவிடச் சின்ன வேலை. அதனால் நோய் பரவாது. எடுக்காமல் விட்டால்தான் எந்த நோய் என்று தெரியாமலே மருந்து சாப்பிட வேண்டிவரும்.

இதில் நோயாளிக்கும் சொல்லிவைக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெம்பிகஸ், பெம்பிகாய்டு சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு போதாது, இரண்டு வேண்டும். ஒன்று ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு வழக்கமான சோதனைக்கு. இன்னொன்று, தோலில் எதிர்ப்பொருள் எங்கே படிந்திருக்கிறது என்று ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்க்கும் இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்கு. இந்த இரண்டாவது துண்டை ஃபார்மலினில் போட்டால் சோதனை வீண், அதற்கென்று தனித் திரவம் உண்டு. எடுக்கும் இடமும் ரணத்தின் நடுவில் இருக்கக் கூடாது, அதை ஒட்டி நன்றாக இருக்கிற தோலாக இருக்க வேண்டும். நடுவில் எடுத்தால் “ஆறாத புண்” என்று மட்டும் அறிக்கை வரும், அது நமக்கு ஏற்கெனவே தெரியும். இந்தச் சோதனை எல்லா ஊர் லேபிலும் செய்ய மாட்டார்கள், வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் “இரண்டாவது சாம்பிளும் எடுக்கிறீர்களா?” என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பே இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்கிற மருத்துவர் இருந்தால் அது அவர் பிரச்சினை.

யாரிடம் போவது என்பதில் நாள் போகிறது. காது மூக்கு தொண்டையா, தோலா, பல்லா, பொதுவா? தொடக்கத்துக்குப் பல் மருத்துவத்தில் வாய் நோய்களைப் பார்க்கும் பிரிவு, அல்லது தோல் மருத்துவர். தஞ்சாவூர், திருவாரூர், திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேளுங்கள். கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெற்கே புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் புதுசாகத் தொடங்காமல் பழைய சீட்டு, பயாப்சி அறிக்கை, போனில் எடுத்த படம் எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். புண் அதிகமாக இருக்கும் நாளில் நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம், ஆறிப்போன நாளில் வாயைத் திறந்து காட்டுவதைவிட அதிகம் சொல்லும்.

பெம்பிகாய்டு என்று முடிவானால் கண் உறுத்தல் இல்லாவிட்டாலும் கண் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஈற்றைக் கவனித்துக்கொண்டே கண்ணைக் கோட்டைவிடுவது ஈடுகட்ட முடியாத தவறு.

ஸ்டீராய்டு: பயமும் தப்பு, பழக்கமும் தப்பு

மருந்து என்று வரும்போது இரண்டு எதிரெதிர் தவறுகளையும் ஒரே ஆள் செய்வதைப் பார்க்கலாம். முதல் மாதம் “ஸ்டீராய்டா, கிட்னி போயிடும்” என்று பாதி மாத்திரை. ஆறாவது மாதம் மருத்துவரைப் பார்க்காமலேயே பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் தொடர்ந்து வாங்குவது.

லைக்கன் பிளேனஸுக்குப் பெரும்பாலும் தடவுகிற மருந்தே போதும். அதைத் தடவும் விதத்தில்தான் கோளாறு. எச்சில் ஈரத்தின் மேல் தேய்த்தால் ஒட்டாது. சுத்தமான துணியால் அந்த இடத்தை ஒற்றியெடுத்து, மருந்தை அழுத்தித் தேய்க்காமல் மெல்லப் பூசி, அரைமணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் தடவிவிட்டு உடனே இலையில் உட்கார்ந்தால் மருந்து சாம்பாரோடு போய்விடும். ராத்திரி படுக்கப் போகும்போது தடவுவது நல்லது. சில வாரம் போனபின் எரிச்சல் திடீரென்று கூடினால் மருந்து கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். மேலே பூஞ்சை வந்திருக்கலாம், அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

பெம்பிகஸுக்கு மாத்திரை, ஊசி இல்லாமல் முடியாது. மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர் அதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து வருகிறது என்று, உடம்புக்குள் இயற்கையாக ஸ்டீராய்டு சுரக்கிற அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம், நோயும் முன்னைவிட வேகமாகத் திரும்பும். குறைப்பது படிப்படியாக, மருத்துவர் சொல்கிற கணக்கில். அது வரைக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறவர்களுக்கு எகிறும், இல்லாதவர்களுக்குப் புதிதாக வரலாம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மருத்துவர் எழுதுவார், சொல்லவில்லை என்றால் கேளுங்கள்.

டெல்லி எய்ம்ஸில் டாக்டர் ஜே. எஸ். பஸ்ரிச்சா 1980-களில் கொண்டுவந்த பல்ஸ் முறையில், நான்கு வாரத்துக்கு ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து நரம்பில் அதிக அளவு ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். இந்தியாவில் நிறையப் பேரைக் காப்பாற்றிய முறை இது. இதன் உயிரே தேதி தவறாமல் போவதில் இருக்கிறது. ஆனால் நம் பக்கம் என்ன நடக்கிறது? ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு தடவை தள்ளிப்போகும். புண் ஆறித்தானே இருக்கிறது என்று அடுத்ததும் தள்ளும். சம்பா அறுவடை முடிந்து தை மாதம் வரும்போது முதுகெல்லாம் கொப்புளம். வேலை நாளை முன்பே மருத்துவரிடம் சொன்னால் தேதியைக் கொஞ்சம் முன்னேபின்னே வைத்துத் தருவார்கள். சொல்லாமல் விடுவதுதான் கெடுக்கிறது.

பெம்பிகஸுக்கு ரிட்டுக்ஸிமாப் என்கிற ஊசியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் அங்கீகரித்தது. நம் நாட்டிலும் போடுகிறார்கள், பலருக்கு நல்ல பலன் தருகிறது. போடுவதற்கு முன் மஞ்சள்காமாலை பி வைரஸும் காசநோயும் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டதை வெட்கப்பட்டு மறைத்தால், அடங்கியிருந்த நோய் கிளம்பிவிடலாம்.

சிலருக்கு எதிர்ப்பு மண்டலத்தை அடக்க மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை கொடுப்பார்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினசரி மாத்திரைகளோடு சேர்த்து அதையும் தினமும் போட்டுக்கொண்டு, ரத்த அணுக்கள் குறைந்து, வாயெல்லாம் வெந்துபோய் உயிர் போன சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. வாய்ப்புண் கூடுகிறதே என்று இன்னும் ஒரு மாத்திரை போடுவார்கள், அதுதான் கொடுமை. எந்தக் கிழமை என்று அட்டையில் பெரிதாக எழுதி, மற்ற மாத்திரைகளிலிருந்து தள்ளி வையுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் மருந்து தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். இதில் கொடுக்கிற மருந்துகள் சில கருவைப் பாதிக்கும்.

தேய்க்காத பல், தள்ளிவைத்த தட்டு

ஈறு எரிகிறது என்று பல் தேய்ப்பதை நிறுத்துவது இயல்பாகத் தோன்றும். நிறுத்தினால் ஈற்றோரம் அழுக்குப் படிந்து, வீக்கம் கூடி, நோய்க்குத் தீனி கிடைக்கும். மிகவும் மென்மையான பிரஷ், நுரை அதிகம் வராத, காரமில்லாத பேஸ்ட். குழந்தைகள் பேஸ்ட்டேகூடப் பரவாயில்லை. உமிக்கரி, செங்கல்பொடி, சாம்பல், உப்பு எல்லாம் இந்த வாய்க்கு ஆகாது. ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் எரியும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொப்பளிப்பது பலருக்கு ஒத்துக்கொள்கிறது, எரிந்தால் வெறும் தண்ணீர்.

சாப்பாட்டில் பத்தியம் என்ற பெயரில் எல்லாவற்றையும் நிறுத்தி ஆளை மெலிய வைப்பதும் நடக்கிறது. ஸ்டீராய்டு சாப்பிடுகிற உடம்புக்குப் புரதம் வேண்டும். நிறுத்த வேண்டியது காரம், புளிப்பு, கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது, முறுக்கு மாதிரிக் குத்துகிறவை. குழைந்த சோறும் பருப்பும் நெய்யும், பாலில் ஊறிய இட்லி, வேகவைத்து மசித்த முட்டை, முள் எடுத்த மீன், புளிக்காத தயிர் போதும். டிகிரி காபியை விடச் சொல்ல மாட்டேன், ஆறவைத்துக் குடியுங்கள்.

வாய் காய்ந்துபோகும் ஷோகிரன் நோயை “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடுகிறார்கள். வறட்சிக்கு மிட்டாய் சப்பினால் எச்சில் இல்லாத வாயில் பல் ஈற்றோரமாகவே சொத்தையாகிக் கொத்தாக விழும். கண்ணும் காய்ந்து உறுத்தினால், மூட்டும் வலித்தால், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மருத்துவரிடம் சொல்லுங்கள். லூபஸும் இப்படித்தான் தப்பித்துவிடுகிறது. வயலில் வேலை செய்கிற பெண்ணுக்குக் கன்னமும் மூக்கும் சிவந்தால் வெயில் என்பார்கள், மூட்டுவலியை வேலை என்பார்கள், அண்ணத்துப் புண் வலிக்காததால் யாருமே பார்க்க மாட்டார்கள். வெயில் அந்த நோயைத் தூண்டும் என்பதும் உண்மைதான், ஆனால் வெயில் மட்டுமே காரணம் இல்லை.

கடைசியாக, எனக்குக் கோபம் வருகிற ஒரு விஷயம். வாயில் ரணம் என்றதும் அந்த அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது. இந்த நோய்கள் எதுவும் தொற்றாது. எச்சிலாலும் பரவாது, முத்தத்தாலும் பரவாது, ஒரே சொம்பில் குடித்தாலும் பரவாது. உடம்பெல்லாம் கொப்புளமாக வந்த பெம்பிகஸ்கூடத் தொற்றாது. அவருக்குத்தான் மற்றவர்களிடமிருந்து காய்ச்சலும் சளியும் தொற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர் அவர்.

மருந்து சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டாலோ, கண் சிவந்து கூசினாலோ, வாயைத் தாண்டித் தோலில் புதுக் கொப்புளம் எழும்பினாலோ சீட்டில் எழுதிய அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கிளம்புங்கள், மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு.